பொலிரோ பிக்கப்பில் ஸ்கூபா செட்: சிலிண்டரைப் படுக்க வைப்பதா, நிறுத்துவதா?

கேஆர்பி_கரை (கிருஷ்ணகிரி)

வணக்கம். அணை மதகு பார்வை, கிணற்றில் விழுந்த மோட்டார் எடுப்பது மாதிரி நீருக்கடி வேலைக்கு ஒரு பொலிரோ பிக்கப் ஓடுகிறது. சாமான் இவ்வளவு: 80 கன அடி அலுமினிய சிலிண்டர் 4, பி.சி.டி. (காற்று ஊதி மிதக்கும் ஜாக்கெட்) 2, ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவி) செட் 2, 5 மி.மீ. வெட்சூட் 2, ஈயக்கட்டி 20 கிலோ. இதே வண்டியில் செயின் பிளாக், கயிறு, 20 லிட்டர் டீசல் கேனும் போகும். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடித்தால் சிலிண்டர் எல்லாம் கேபின் பக்கம் உருண்டு வந்து முட்டுகிறது. கேள்வி மூன்று:

1. சிலிண்டரை எப்படிக் கிடத்துவது, எதால் கட்டுவது?
2. சித்திரை வெயிலில் தார்ப்பாய்க்கு அடியில் நிரப்பிய சிலிண்டர் கிடந்தால் வெடிக்குமா?
3. மற்ற சாமானை வண்டியிலேயே விட்டு வைக்கலாமா?

பாடிகட்டி (தருமபுரி)

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

சிலிண்டர் காலியாக 14 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 200 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) நிரப்பினால் உள்ளே இருக்கும் காற்றே இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும். ஆக நான்கும் சேர்ந்து 67, 68 கிலோ. சரக்குக் கட்டும் ஐரோப்பிய விதியில் முன்பக்கத்துக்கு எடையில் 80 சதவீதம், பக்கவாட்டிலும் பின்னாலும் 50 சதவீதம் தாங்க வேண்டும் என்று கணக்கு. அதாவது பிரேக்கில் 54 கிலோ முன்னால் தள்ளும். பைக் கேரியரில் போடும் எலாஸ்டிக் கயிறு இதற்கு ஆகாது. இழுபட்டு, சிலிண்டர் நகர்ந்த பிறகுதான் பிடிக்கும். 25 மி.மீ. ராட்செட் பெல்ட் வாங்குங்கள், இரண்டு சிலிண்டருக்கு இரண்டு பெல்ட்.

கிடத்துவது குறுக்கே. நீளவாக்கில் வைத்தால் பிரேக்கில் அடிப்பக்கமோ வால்வோ நேராகக் கேபினைக் குத்தும். குறுக்கே வைத்தால் உருளத்தான் பார்க்கும், அதைத் தடுப்பது சுலபம். சிலிண்டர் வெளிவிட்டம் 184 மி.மீ. நம்ம ஊரில் போர்வெல் லைனுக்குப் போடும் 200 மி.மீ. பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் அச்சில் வார்த்த மாதிரி உட்காரும். 18 மி.மீ. பிளைவுட்டில் நான்கு அரைவட்டத்தையும் ஸ்க்ரூ அடித்து, ஸ்க்ரூத் தலை மேலே தெரியாமல் உள்ளே இறக்கி, மேலே 3 மி.மீ. ரப்பர் மேட் ஒட்டுங்கள். பலகையைக் கேபினுக்குப் பின்னாலுள்ள ஹெட்போர்டோடு ஒட்டிப் போட்டு, பாடி தரையில் நான்கு போல்ட். பலகை தனியாக வழுக்கினால் தொட்டிலால் பயனில்லை.

சிலிண்டர் நீளம் வால்வோடு முக்கால் மீட்டருக்குள்தான். பொலிரோ பாடி அகலத்தில் இரண்டிரண்டாக எதிரெதிரே கிடத்தலாம். வால்வு இரண்டும் நடுவைப் பார்க்கணும், அடிப்பக்கம் பக்கப் பலகையைப் பார்க்கணும். பக்கவாட்டில் எவனாவது இடித்தாலும் வால்வு தப்பும். நிறுத்தி வைப்பது தப்பில்லை, ஆனால் கழுத்து உயரத்தில் பிடிக்க ஒரு சட்டம் வேண்டும். அடியில் மட்டும் கட்டினால் வளைவில் சாயும். ரெகுலேட்டரை மாட்டிய நிலையில் எந்தச் சிலிண்டரையும் ஏற்றாதீர்கள். ஒரு குலுக்கல் போதும், அது நெம்புகோல் மாதிரி வால்வை வளைக்கும்.

பதினெட்டாம்_பெருக்கு

வெடிக்கும் பயம் கொஞ்சம் மிகை. 30 டிகிரியில் 200 பார் நிரப்பியது 60 டிகிரிக்குச் சூடானால் சுமார் 220 பார் ஆகும். ஒரு டிகிரிக்கு முக்கால் பார்கூட ஏறாது. இந்தச் சிலிண்டரின் வேலை அழுத்தம் 207, சோதனை அழுத்தம் அதில் மூன்றில் ஐந்து பங்கு, 345 பார். ஆகவே ஹைட்ரோ சோதனை (தண்ணீர் அழுத்தத்தில் செய்யும் பலச் சோதனை) தேதி தாண்டாத, அடிபடாத சிலிண்டர் வெயிலால் மட்டும் வெடிக்காது. ஆனால் நிரப்பும் ஆள் தாராள மனசோடு 230 ஏற்றிக் கொடுத்து, அது வெயிலில் கிடந்தால் பர்ஸ்ட் டிஸ்க் (அழுத்தம் மிஞ்சினால் தானே கிழியும் பாதுகாப்புத் தகடு) பழசாகி நைந்திருந்தால் கிழிந்து மொத்தக் காற்றும் சத்தத்தோடு போய்விடலாம். பக்கத்தில் நிற்பவர் காது போகும். வேலை இல்லாத வாரங்களில் 20 பார் மட்டும் விட்டு நிழலில் வையுங்கள். முழுக்கக் காலி செய்ய வேண்டாம். திறந்த வால்வு வழியே ஈரம் புகுந்து உள்சுவர் அரிக்கும்.

உண்மையான வெப்ப ஆபத்து வேறு. பெயின்ட் போனதென்று ஓசூர் பக்கம் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த அடுப்புச் சூட்டில் அலுமினியத்துக்குக் கொடுத்த பதமே போய்விடும். வெளியே புதுசு மாதிரி மின்னும், பலம் இருக்காது. அப்படி ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தால் நிரப்பவே கூடாது. ரேக் வெல்டிங் செய்யும்போதும் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

சிலிக்கான்_கிரீஸ் (ஓசூர்)

மூன்றாவது கேள்விக்குப் பதில்: வண்டி என்பது எடுத்துப்போக, வைத்திருக்க அல்ல. பூட்டிய கேபின் வெயிலில் 60 டிகிரியைத் தொடும். டைவ் கம்ப்யூட்டர் (மூழ்கிய ஆழம், நேரம் பார்த்துக் கணக்குச் சொல்லும் கருவி), டார்ச் லித்தியம் பேட்டரி, வெட்சூட் ஒட்டுப்பசை மூன்றுக்கும் அது எமன்.

டீசல் கேன் விஷயத்தில் கறாராக இருங்கள். கசிய வேண்டியதில்லை, ஆவி போதும். வெட்சூட்டின் ரப்பர் அதைக் குடித்துவிடும், மவுத்பீஸில் வாடை ஏறினால் தண்ணீருக்கடியில் வாந்திதான். கேன் பின்கதவு ஓரம், மூச்சுச் சாமான் கேபின் ஓரம், நடுவில் செயின் பிளாக். ஓ-ரிங்குக்கு (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) டபிள்யூடி-40 அடிக்கும் பழக்கம் சில ஒர்க்‌ஷாப்பில் உண்டு. கூடவே கூடாது, சிலிக்கான் கிரீஸ் மட்டும்.

ரெகுலேட்டருக்கு இந்த மாவட்டத்தில் முதல் எதிரி கிரானைட் தூசி. கழற்றியதும் ஊதித் துடைத்து டஸ்ட் கேப்பை இறுக்குங்கள், சிலிண்டர் வால்வு வாயிலும் மூடி போடுங்கள். கழுவும்போது மவுத்பீஸ் பக்கமுள்ள பர்ஜ் பட்டனை (காற்றைப் பீறிட விடும் பட்டன்) அழுத்தாதீர்கள், தண்ணீர் ஹோஸ் வழியே சிலிண்டரில் மாட்டும் முதல் ஸ்டேஜுக்கு ஏறும். ஹோஸைப் பெரிய வட்டமாகச் சுருட்டி, மூடியுள்ள தனி டப்பாவில் வையுங்கள். அதன்மேல் ஈயக்கட்டி வைக்கும் மகானுபாவர்கள் இருக்கிறார்கள்! ஈயம் எப்போதும் தரையில்.

ஈரச் சாமானுக்கு ராயக்கோட்டை மண்டியில் புழங்கும் தக்காளி கிரேட்டை மிஞ்ச ஒன்றுமில்லை. ஓட்டை இருப்பதால் தண்ணீர் வடியும், காற்று போகும். காலில் மாட்டும் துடுப்பு மட்டும் நீளம், நிற்காது. அதைத் தட்டையாகக் கிடத்துங்கள். பி.சி.டி.யில் புகுந்த தண்ணீரை வடித்துவிட்டு, பாதி ஊதி வையுங்கள். தெளிவான சிலிக்கான் மாஸ்க்கைக் கறுப்பு ரப்பரோடு சேர்த்து வைத்தால் சிலிக்கான் பழுப்பேறும்.

கேஆர்பி_கரை

நன்றிங்க. பைப் பிளந்துவிடலாம். சிறிய கம்ப்ரசரை அதே பாடியில் ஏற்றி, அங்கேயே நிரப்பினால்?

சிலிக்கான்_கிரீஸ்

நிரப்பலாம். உறிஞ்சும் குழாயை இன்ஜின் புகை வராத பக்கம், காற்று எங்கிருந்து வீசுகிறதோ அந்தத் திசையில், ஆள் உயரத்துக்கு மேல் கட்டுங்கள். பிக்கப்பை ஆஃப் செய்துவிடுங்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடை கிடையாது. ஃபில்டர் கெட்டதும் மூக்குக்குத் தெரியாது. ஃபில்டர் மாற்றும் மணிக்கணக்கைக் கம்ப்ரசர் மூடியிலேயே மார்க்கரில் எழுதி வையுங்கள்.

பதினெட்டாம்_பெருக்கு

கேட்காத ஒன்று: அணையில் ஆழமாகவோ பல முறையோ மூழ்கிவிட்டு உடனே ஓசூருக்கு வண்டியைத் திருப்பாதீர்கள். கிருஷ்ணகிரியைவிட அது பல நூறு மீட்டர் மேலே, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூளகிரி தாண்டி ஏற ஏற வெளியழுத்தம் குறையும், உடம்பில் தங்கிய நைட்ரஜன் குமிழியாகும். கம்ப்யூட்டர் காட்டும் காத்திருப்பு நேரம் முடிந்த பிறகு கிளம்புங்கள். அதுவரை சாமானைக் கழுவிக் காயப்போடலாம்.