பாதி ஃபைட்ல போதும்னு சொன்ன பாக்ஸர திட்டுறது நியாயமா?

காசிமேட்டுப் பையன்:

ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போவேன், மொத தடவ எழுதுறேன். என் தம்பிக்கு 19 வயசு, 12 வயசுலேர்ந்து நம்ம ஏரியா ஜிம்ல பாக்ஸிங் பண்றான். போன வாரம் ஒரு போட்டி, எங்க தெருவுலேர்ந்தே ஒரு வேன் நெறய ஆளுங்க போயிருந்தோம். மொத ரவுண்டு தம்பி நல்லாதான் ஆடுனான், ரெண்டாவது ரவுண்டு கடைசில எதிராளி இடது கைய வளைச்சி ஒரு லெஃப்ட் ஹூக் விட்டான் பாருங்க, கண்ணுக்குக் கீழ சரியா எறங்குச்சி. மூணாவது ரவுண்டு ஆரம்பிச்சி அர நிமிஷம் கூட ஆவல, இவன் கயித்தப் புடிச்சிக்கினு ஒரு முட்டி போட்டு ஒக்காந்துட்டான், ரெஃப்ரி வந்து கேட்டதும் போதும் சார்னு தலைய ஆட்டிட்டான். அவ்ளோதான், முடிஞ்சிது.

அன்னிலேர்ந்து தெருவுல ஒரே பேச்சு. ஜகா வாங்கிட்டான், தொடநடுங்கி, மானத்த வாங்கிட்டான்னு டீக்கடையில ஒக்காந்து பேசுறாங்க, அதுல பாதி பேரு வாழ்க்கையில ஒரு கிளவுஸ் மாட்டுனதில்ல. அது கூட பரவால்ல. எங்கப்பா ஹார்பர்ல வேல, ராத்திரி ரெண்டு மணிக்கே ஏலத்துக்குப் போவாரு. மறுநாள் காலைல வந்து ஐஸ் பொட்டிய எறக்கி வெச்சவரு தம்பியப் பாத்து "கை தூக்குறதுக்கா உன்ன இத்தினி வருஷம் முட்டையும் பாலும் வாங்கிக் குடுத்து வளத்தேன்"னு கேட்டுட்டாரு. தம்பி ஒரு வார்த்த பேசல. கைல சுத்துற துணிய மடியில வெச்சிக்கினு சுருட்டுறான், பிரிக்கிறான், திரும்ப சுருட்டுறான், அப்பிடியே ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்தான்.

ராத்திரி மொட்ட மாடியில என்கிட்ட மட்டும் சொன்னான். "அண்ணா, எனக்கு ரெண்டு ரெஃப்ரி தெரிஞ்சாங்க. ரெண்டு பேரும் கைய காட்டுறாங்க, எவரு நெஜம்னே புரியல, அதான் கயித்த புடிச்சிக்கிட்டேன்." இத வெளில சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கிட்டான், சொன்னா சாக்கு சொல்றான்னு அதுக்கும் திட்டுவாங்களாம்.

இப்ப நீங்க சொல்லுங்க, பாக்ஸிங் தெரிஞ்சவங்க. சண்டைல பாதில நிறுத்துறவன திட்டுறது சரியா?

ராயபுரத்துக்காரன்:

தம்பி, நான் கொஞ்சம் பழைய ஆளு. சின்ன வயசுல எங்கப்பா கைய புடிச்சிக்கினு கண்ணப்பர் திடல்ல சண்ட பாத்தவன். சார்பட்டா பரம்பர, இடியப்ப நாயக்கர் பரம்பரன்னு குத்துச்சண்ட கோஷ்டி கோஷ்டியா ஆளுங்க பிரிஞ்சி நிப்பாங்க, ஒருத்தன் தோத்தா அந்த பரம்பரையே தோத்த மாதிரி, ஊரே வூட்டுக்குப் போய் சாப்புடாது. அதனால ஒங்க அப்பா பேசுனது எனக்குப் புரியுது, அவர மட்டும் தப்பா நெனைக்காத, அந்த ரோசத்துல வளந்த மனுசன் அவரு.

ஆனா நிறுத்துனவன் எல்லாம் ஒண்ணு இல்ல. 1980 ஜூன்ல மான்ட்ரியால்ல அமெரிக்காக்காரன் லியோனார்ட அடிச்சி ஜெயிச்ச பனாமா பாக்ஸர் ராபர்ட்டோ டூரான், அஞ்சே மாசத்துல நியூ ஆர்லியன்ஸ்ல அதே லியோனார்டுகிட்ட 8வது ரவுண்டுல கைய ஆட்டிட்டு திரும்பி நடந்தாரு. ஒடம்புல ஒரு வெட்டு இல்ல. லியோனார்டு மூஞ்சிய நீட்டி நீட்டி கேலி பண்ணான், இவரால தொட முடியல, போதும்னுட்டாரு. அப்பறம் வயித்து வலின்னாங்க. பனாமாவுல அவர தெய்வமா வெச்சிருந்த சனமே காறித் துப்புச்சி. நான் அதத் தப்புன்னு சொல்ல மாட்டேன். டிக்கெட் வாங்குனவன் ஒன் வீரத்துக்குத்தான் துட்டு குடுக்குறான், சங்கடமா இருக்குன்னு நீ எறங்கிப் போனா கேக்கத்தான் செய்வான்.

அதே வருஷம் ஜனவரியோ என்னமோ, அலி நம்ம மெட்ராஸ் வந்தாரு, நேரு ஸ்டேடியத்துல காட்சிப் போட்டி ஆடுனாரு, எங்கப்பா தோள் மேல ஒக்காந்து பாத்தேன். அந்த அலி அக்டோபர்ல லாரி ஹோம்ஸ்கிட்ட 10 ரவுண்டு அடி வாங்குனாரு, வாயத் தொறந்து போதும்னு சொல்லல. அவரு ட்ரெய்னர் ஆஞ்சலோ டண்டீதான் நிறுத்துனாரு. மணிலாவுல 1975ல இதே அலிகூட ஆடுன ஃப்ரேசியருக்கு கண்ணு வீங்கி மூடி பன்ச் எங்கேர்ந்து வருதுன்னே தெரியாத நெலம, 15வது ரவுண்டுக்கு எழுந்திரிக்கிறாரு, அவரு ட்ரெய்னர் எடி ஃபட்ச் தோளப் புடிச்சி ஒக்கார வெச்சி நீ இன்னிக்கி பண்ணத எவனும் மறக்க மாட்டான்னு சொல்லி முடிச்சாரு. அதுதான் மொற. பாக்ஸர் சொல்லக்கூடாது, கார்னர்ல நிக்கிற ட்ரெய்னர் ஆளுங்கதான் சொல்லணும். ஒன் தம்பி கார்னர்ல இருந்த வாத்தியார் இன்னா பண்ணாரு?

சவுத்பா:

பெரியவர் கேட்டதுதான் நானும் கேக்குறேன், ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சி ஒரு நிமிஷம் ஸ்டூல்ல ஒக்காந்தான்ல, அப்ப கார்னர்ல யாராச்சும் வெரல காட்டி எத்தினி தெரியுதுன்னு கேட்டாங்களா?

நான் 10 வருஷம் ஆடுனவன், வியாசர்பாடி. என் கதைய சொல்றேன். எனக்கும் இதே மாதிரி ஒரு நாளு, வலது கண்ணுல ஓரத்துல மின்னல் மாதிரி பளிச் பளிச்னு அடிச்சிது, நான் யார்கிட்டயும் சொல்லல, முழு சண்டையும் ஆடி முடிச்சேன், பாயிண்ட்ல தோத்தேன், ஆனா மாலை போட்டு தூக்கினு போனாங்க, சிங்கம்டான்னாங்க. மூணாவது நாளு அந்தக் கண்ணோட ஓரத்துலேர்ந்து கருப்புத் திர மாதிரி எறங்க ஆரம்பிச்சிது, ரெட்டினாங்கிற கண்ணோட உள் சவ்வு கிழிஞ்சி பிரிஞ்சிடுச்சின்னு ஆபரேஷன் பண்ணாங்க, இன்னிக்கி வரைக்கும் அந்தப் பக்கம் பாதிதான் தெரியும். பைக் ஓட்டுறப்போ வலது பக்கத்துலேர்ந்து வண்டி வந்தா கழுத்த முழுசா திருப்பணும். அன்னிக்கி தூக்குனவங்கள்ல எவனையும் கொற சொல்லல, அவங்களுக்கு என் கண்ணுக்குள்ள என்னா நடந்துச்சின்னு எப்பிடித் தெரியும்? எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். அதனாலதான் கார்னர் மட்டும்தான் நிறுத்தணும்னு சொல்றத ஒத்துக்க முடியல, மூளையும் கண்ணும் உள்ள இருக்குற சமாச்சாரம், வெளில நிக்கிறவனுக்கு பாதி நேரம் தெரியாது.

டேனியல் டுபுவா ஃபைட் பாத்திருப்பீங்க, 2020 நவம்பர், லண்டன். ஜோ ஜாய்ஸ் இடது கண்ணு மேலயே ஜாப் ஜாப்பா, நேர் குத்தா குத்தி, 10வது ரவுண்டுல டுபுவா முட்டி போட்டான், ரெஃப்ரி பத்து எண்ணி முடிக்கிற வரைக்கும் எழுந்திரிக்கல. பெரிய பெரிய முன்னாள் பாக்ஸர்லாம் அன்னிக்கே கிழிச்சாங்க. அப்பறம் ஆஸ்பத்திரில பாத்தா கண்ணு குழி எலும்பு ஒடஞ்சி போயிருக்கு. அதே டுபுவா 2024 செப்டம்பர்ல வெம்ப்ளில 96,000 பேரு முன்னாடி ஆந்தனி ஜோஷுவாவ அஞ்சாவது ரவுண்டுல படுக்க வெச்சான். அன்னிக்கி இன்னும் ரெண்டு ரவுண்டு நின்னிருந்தா கண்ணே போயிருக்கலாம், வெம்ப்ளியும் இல்ல ஒண்ணும் இல்ல.

விட்டாலி கிளிச்கோவ பாருங்க. 2000ல பெர்லின்ல கிறிஸ் பேர்டு கூட 9 ரவுண்டு வரைக்கும் பாயிண்ட்ல முன்னாடி இருந்தாரு, தோள்பட்ட கிழிஞ்சி ஸ்டூல்லயே நிறுத்துனாரு, பெல்ட்டு போச்சி, கோழைன்னு எழுதுனாங்க. 2003ல லென்னாக்ஸ் லூயிஸ் கூட கண்ணு மேல சத கிழிஞ்சி தொங்குது, டாக்டர் நிறுத்துனா ஏன் நிறுத்துறன்னு கத்துறாரு, ஒடனே வீரன்னாங்க. ரெண்டும் அதே ஆளுதான். தோள் கிழிஞ்சது டிவில தெரியல, மூஞ்சி கிழிஞ்சது தெரிஞ்சிது.

தண்டையார்பேட்டை சிஸ்டர்:

நான் நியூரோ வார்டுல நர்ஸ். பாக்ஸிங் பெருசா தெரியாது, எங்க வீட்டுக்காரர் பாப்பாரு. ஒரு விஷயம் மட்டும் சொல்லணும்னு தோணுச்சு.

2019ல மேக்ஸிம் தாதாஷேவ்னு ஒரு ரஷ்யப் பையன், 28 வயசு. 11வது ரவுண்டு முடிஞ்சு ஸ்டூல்ல உக்காந்திருக்கான், அவன் ட்ரெய்னர் பட்டி மெக்கர்ட் முன்னாடி குனிஞ்சு நான் நிறுத்தப் போறேன்னு கெஞ்சுறாரு, இவன் வேணாம் வேணாம்னு தலைய ஆட்டுறான். அந்த வீடியோவ என்னால ரெண்டாவது தடவ பாக்க முடியல. ட்ரெய்னர் நிறுத்திட்டாரு, ஆனா லேட். ரிங்லேர்ந்து நடந்து போறப்பவே வாந்தி, மூளைல ரத்தக்கசிவு, நாலு நாள்ல போயிட்டான். தலைல குத்து விழறப்போ மூளை மண்டைக்குள்ள ஆடுது, அப்ப மேல்பக்கம் இருக்கற மெல்லிசான ரத்தக்குழாய் அறுந்தா ரத்தம் கொஞ்சம் கொஞ்சமா சேந்து மூளைய அமுக்கும். அதுவரைக்கும் ஆளு நின்னுட்டு இருப்பான், பேசுவான், ஒண்ணும் இல்லம்பான். போதும்னு சொல்லத் தெரியாத பையன்தாங்க எங்க வார்டுக்கு வர்றான்.

அண்ணா, உங்க தம்பிக்கு ரெண்டு ரெண்டா தெரிஞ்சதுன்னா அது சாதாரணமா விடற விஷயம் இல்ல. ஒரு வாரம் ஆயிடுச்சுன்னு சொல்றீங்க, இன்னும் ஸ்கேன் எடுக்கலைனா இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. கண்ணு குழி எலும்பு விட்டிருந்தா மூக்கச் சிந்தவே கூடாது, காத்து உள்ள போயி கண்ணு பொசுக்குன்னு வீங்கிடும். தலவலி கூடுனாலோ, வாந்தி எடுத்தாலோ, எழுப்ப எழுப்ப தூங்கிட்டே இருந்தாலோ, ஒரு கண்ணு பாப்பா பெருசாத் தெரிஞ்சாலோ நடுராத்திரியா இருந்தாலும் எமர்ஜென்சிக்கு ஓடுங்க. சத்தியம் பண்ணேன்னு மறைக்காதீங்க.

ராயபுரத்துக்காரன்:

அந்த ரஷ்யப் பையன் கதைய கேட்டு மனசு கனத்துப் போச்சிம்மா. 1982ல கொரியாக்காரன் கிம் டுக் கூ, மன்சினி கூட 14வது ரவுண்டு வரைக்கும் நின்னு அடி வாங்கி செத்தான், அதுக்கப்பறம்தான் டைட்டில் ஃபைட்ல 15 ரவுண்டு 12 ஆச்சி. எனக்குத் தெரியாததில்ல. ஆனா ரிங்குல ஏறுனா அதெல்லாம் மறந்துட்டு ஒதுங்காதன்னு கத்துறோம், நானே கத்தியிருக்கேன்.

சவுத்பா சொன்ன ஒண்ண ஏத்துக்கிறேன், உள்ள அடிபட்டத அவன்தான் சொல்ல முடியும். காயம் பட்டவன் சொன்னா யாரும் பேசக்கூடாது. டூரான் விஷயத்துல மட்டும் நான் மாற மாட்டேன்.

சவுத்பா:

மாற வேணாம்ணே. நான் ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன், டூரான் மொத ஃபைட் ஜெயிச்ச அப்பறம் ஒடம்ப ஏத்திட்டு அவசர அவசரமா வெயிட்டு எறக்கி ரிங்குக்கு வந்தாரு, அஞ்சு மாசத்துல அந்த மறு ஃபைட்ட வெச்சவங்களையும் சேத்து திட்டியிருக்கணும். 1983ல டேவி மூர அடிச்சி திரும்ப பெல்ட் வாங்குனாருல, 89ல 37 வயசுல ஐரான் பார்க்லியயும் ஜெயிச்சாரு. பயந்தவன் பண்ற வேல இல்ல அது. ஒரு ராத்திரி ஒருத்தனுக்கு உள்ள என்னா ஆச்சின்னு அவனுக்கே முழுசா தெரியாது.

காசிமேட்டுப் பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சிஸ்டர் எழுதுனத படிச்சதும் சத்தியத்த ஒதச்சிட்டு அப்பாகிட்ட சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் பேசல, சட்டைய மாட்டிக்கினு ஆட்டோ கூப்புட்டாரு. ஸ்கேன்ல கண்ணு குழிக்கு அடில மெல்லிசா ஒரு விரிசல், தலைக்குள்ள ஒண்ணும் இல்ல, ஆபரேஷன் இப்போதைக்கி வேணாம்னாங்க. வெளில பெஞ்சுல ஒக்காந்திருந்தப்ப அப்பா ஒரு வெரல அவன் மூஞ்சிக்கி நேரா காட்டி எத்தினின்னு கேட்டாரு, இப்பவும் மேல பாத்தா ரெண்டா தெரியுதாம். அப்பா அந்த வெரல மடக்கவே இல்ல ரொம்ப நேரம்.

கார்னர்ல வெரல் காட்டி யாரும் கேக்கலண்ணே. தண்ணி ஊத்தி, போடா போடான்னு தள்ளி விட்டாங்க, அவ்ளோதான். அத நான் ஜிம்ல போய் பேசப் போறேன். சவுத்பா அண்ணா, தம்பி எப்பலேர்ந்து திரும்ப பிராக்டிஸ் போலாம்? அவன் நாளைக்கே போறேங்கிறான்.

சவுத்பா:

நாளைக்கா? கண் டாக்டர் பேப்பர்ல எழுதிக் குடுக்குற வரைக்கும் கிளவுஸ கண்ணுல காட்டாத. தலையில அடிபட்டு ஃபைட் நின்னாலே ரூல்படி கொறஞ்சது 30 நாளு ரிங்கே கெடையாது, இது அதுக்கும் மேல. கயிறு குதிக்கிறது கூட டாக்டர கேட்டுட்டுதான். காலைல பீச் பக்கம் நடக்கச் சொல்லு, நீயும் கூடப் போ. டீக்கடை வழியாவே போங்க, பின் சந்துல வேணாம்.