அரக்கோணத்தில் தங்கச் சிறகு: கொண்டாடலாமா?

பாலாற்றங்கரை: 2024 ஜூன் 7 அன்று அரக்கோணத்துக் கடற்படை விமானத் தளமான ஐஎன்எஸ் ராஜாளியில் சப் லெப்டினன்ட் அனாமிகா பி. ராஜீவ் தங்கச் சிறகு வாங்கினார், அதாவது பயிற்சி முடித்த பைலட்டுக்குத் தரும் பேட்ஜ். கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட். எங்கள் காட்பாடி வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் இன்னும் சுற்றுகிறது. எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கடற்படை பெண்களை அதிகாரிகளாக எடுக்கத் தொடங்கியது 1992இல். ராஜாளி தளம் திறந்ததும் அதே வருடம். நடுவில் 32 வருடம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

சோளிங்கர் மலர்: தாமதம்தான் அண்ணே, மறுக்கவில்லை. ஆனால் இதை மற்ற ‘முதல் பெண்’ செய்திகளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். 2019 டிசம்பரில் சிவாங்கி கடற்படையின் முதல் பெண் பைலட் ஆனார், டோர்னியர் விமானத்தில். அது கரையிலிருந்து கிளம்பிக் கரைக்கே திரும்புகிற விமானம். கடற்படை ஹெலிகாப்டர் அப்படியில்லை. ஆடுகிற போர்க்கப்பலின் பின்தளத்தில் இறங்க வேண்டியது. கப்பல் எத்தனை நாள் கடலில் நிற்கிறதோ, அத்தனை நாளும் பைலட்டுக்குச் சாப்பாடு, தூக்கம், குளியல் எல்லாம் அங்கேதான். ரஷ்யாவிலிருந்து வந்த கப்பல்களில் பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை என்று உச்ச நீதிமன்றத்திலேயே அரசுத் தரப்பு சொன்னது. 2020இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கழிப்பறையைக் காட்டி ஒருத்தியின் வேலையை மறுப்பதா?

பாலாற்றங்கரை: கப்பல் ஹெலிகாப்டருக்கு 2020லேயே குமுதினி தியாகி, ரிதி சிங் இரண்டு பேரும் தேர்வானார்களே?

சோளிங்கர் மலர்: அவர்கள் அப்சர்வர்கள். ரேடார், சோனார் போன்ற கருவிகளைக் கையாள்பவர்கள். ஓட்டுவது வேறு.

கம்மவான்பேட்டைக்காரன்: எங்கள் ஊரில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேட வேண்டும். நானும் போய் வந்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மாதக்கணக்கில் கடலில் இருந்தால் கல்யாணம், குழந்தை எல்லாம் என்ன ஆவது? பெற்றவனுக்குத்தான் தெரியும்.

குடியாத்தம் வாத்தியார்: ஐயா, நீங்கள் மாதக்கணக்கில் எல்லையில் இருந்தபோது இந்தக் கேள்வியை உங்களிடம் யாராவது கேட்டார்களா? 1918இல் வேலூரில் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி (இன்றைய சிஎம்சி) தொடங்கியபோது, மூன்று பேர் விண்ணப்பித்தாலே பெரிது என்று அதிகாரிகள் சொன்னதாகக் கதை உண்டு. வந்தது 151 விண்ணப்பம். ஆண்களை 1947இல்தான் அங்கே சேர்த்தார்கள்!

பாலாற்றங்கரை: சிஎம்சி கதை சரி, வாத்தியாரே. எனக்குச் சிறகைவிட பென்ஷன் பெரிது. பெண்களைக் குறுகிய காலப் பணியில் எடுத்து, அதிகபட்சம் 14 வருடத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதிகாரிக்கு பென்ஷன் கிடைக்க 20 வருடம் வேண்டும். நாற்பது வயதுக்குள் வேலையும் போய், பென்ஷனும் இல்லை. நிரந்தரப் பணி கேட்டு ஆன்னி நாகராஜா முதலான கடற்படைப் பெண் அதிகாரிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. கேக் வெட்டுவதென்றால் அந்தத் தேதியில் வெட்டுங்கள்.

சோளிங்கர் மலர்: அந்தத் தீர்ப்பை நானும் கொண்டாடுகிறேன். ஆனால் நிரந்தரப் பணி கிடைத்தும் கரையிலேயே உட்கார வைத்தால்? கடல் அனுபவம் இல்லாதவருக்கு யார் கப்பலைக் கொடுப்பார்கள்? போர்க்கப்பலுக்குத் தலைமை ஏற்கும் முதல் பெண்ணாக பிரேர்ணா தேவஸ்தலீ ஐஎன்எஸ் டிரிங்கட்டுக்கு வந்த செய்தியே 2023 டிசம்பரில்தான் வெளியானது. இரண்டும் வேண்டும் அண்ணே.

கம்மவான்பேட்டைக்காரன்: பென்ஷன் கணக்கு எனக்கும் புரிகிறது. என் மகள் பிளஸ் டூ. முப்படை அதிகாரிகளுக்கான என்டிஏ பயிற்சிக் கழகத்தில் சேரப் பரீட்சை எழுதுகிறேன் என்று நிற்கிறாள். எழுதட்டும். ஆனால் கடற்படை வேண்டாம், ராணுவத்துக்குப் போகட்டும், தரையிலாவது நிற்பாள்.