ஒரே சேமிப்பகம், இரண்டு நெறிமுறைகள்: கேஸ்ஃபோல்டை சர்வரில் இயக்கலாமா?

கோப்பறை:
எங்கள் அலுவலகத்தில் ஒரே லினக்ஸ் சர்வர். கோப்புகளைப் பகிர லினக்ஸ்காரர்களுக்கு என்எஃப்எஸ் நெறிமுறை, விண்டோஸ்காரர்களுக்குச் சாம்பா என்ற மென்பொருள் வழியே எஸ்எம்பி நெறிமுறை. யாரோ ஆங்கிலத்தில் ரிப்போர்ட் என்று பெரிய ஆர் போட்டு ஒரு கோப்பும், சிறிய ஆர் போட்டு இன்னொன்றும் ஒரே ஃபோல்டரில் வைத்துவிட்டார்கள். விண்டோஸில் ஒன்றைத் திறந்தால் சில நேரம் மற்றது வருகிறது. சர்வரின் கோப்புமுறைமையான இஎக்ஸ்டி4இல் கேஸ்ஃபோல்டை, அதாவது பெயர்களைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து (கேஸ்) வேறுபாடு பார்க்காமல் ஒப்பிடும் வசதியை, இயக்கிவிடலாமா?

வடக்குவாசல்:
தாராளமாக இயக்குங்கள். 2019இல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 5.2 பதிப்போடு வந்த வசதி அது. கோப்புமுறைமை கேஸ் பார்க்கும் வரை சாம்பாவுக்கு வேலை அதிகம். விண்டோஸிலிருந்து புதுக் கோப்பு ஒன்றை உருவாக்கினால், அதே பெயர் வேறு கேஸில் இருக்கிறதா என்று ஃபோல்டர் முழுவதையும் தேடிப் பார்க்க வேண்டும். லட்சம் கோப்புகள் உள்ள ஃபோல்டரில் ஒவ்வொரு கோப்புக்கும் இப்படி என்றால் சர்வர் திணறிவிடும். கோப்புமுறைமையே பார்த்துக்கொண்டால் அந்தத் தேடலே வேண்டாம்.

பைட்நேயன்:
வேகம் கிடைக்கும், சரி. ஆனால் எந்த விதிப்படி ஒப்பிடுவது? ஜெர்மனில் தெருவைக் குறிக்கும் சொல்லை எஸ்ட்செட் எழுத்தோடும் எழுதலாம், இரட்டை எஸ் போட்டும் எழுதலாம். கேஸ்ஃபோல்டுக்கு இரண்டும் ஒன்று. விண்டோஸின் கோப்புமுறைமையான என்டிஎஃப்எஸ் ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து என்றே மாற்றுவதால் அங்கே இரண்டு கோப்புகளும் தனித்தனியாக இருக்கும். அவற்றை உங்கள் சர்வருக்கு நகலெடுத்தால் ஒன்றின் மேல் மற்றொன்று எழுதப்படும். துருக்கி மொழியிலோ, ஆங்கிலத்தில் உள்ள பெரிய ஐ எழுத்தின் சிறிய வடிவத்துக்குப் புள்ளியே கிடையாது; விதி மொழிக்கு மொழி மாறும்.

1995இல் வந்த என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பிலேயே, தான் கேஸ் பார்ப்பதில்லை என்பதைக் கிளையண்டிடம் சொல்ல சர்வருக்கு இடம் உண்டு. ஆனால் ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். எந்த எழுத்துக்கு எது இணை என்பதற்கு எந்த அட்டவணை, எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடு தரத்தின் எந்தப் பதிப்பு என்று சொல்ல வழியே இல்லை. என் எதிர்ப்பு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. பெயர் என்பது பைட் வரிசை. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

வடக்குவாசல்:
அப்படியே விட்டதன் விளைவைத்தான் கோப்பறை மேலே எழுதியிருக்கிறார். அடியில் என்எஃப்எஸ் எதையும் உருவாக்கும், மேலே சாம்பா ஊகித்துக்கொண்டிருக்கும். இரு தரப்பும் சந்திக்கும் ஒரே இடம் சர்வர்தான். விதி குறையுள்ளதாக இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும்.

செந்நெல்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் கோப்புகள் பெரும்பாலும் தமிழ்ப் பெயர்கள்தான். தமிழில் பெரிய எழுத்தே இல்லையே, எங்களுக்கு இதனால் என்ன பயன்?

வடக்குவாசல்:
உண்டு. கொள்முதல் என்பதில் வரும் கொ-வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பைட்டுகளை மட்டும் பார்க்கும் சர்வரில் இரண்டு கொள்முதல் கோப்புகள் உருவாகும், எதில் புதுக் கணக்கு இருக்கிறது என்று தெரியாமல் ஊழியர் திண்டாடுவார். கேஸ்ஃபோல்டு உள்ள ஃபோல்டர் பெயர்களை இயல்பாக்கித்தான், அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துதான், ஒப்பிடுகிறது, அதனால் இரண்டும் ஒன்றாகும். தட்டச்சு செய்த வடிவம் வட்டில் அப்படியே இருக்கும்.

பைட்நேயன்:
நல்ல எடுத்துக்காட்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்ரீ, ஶ்ரீ இரண்டையும் பாருங்கள். முதலில் இருப்பது ஸ், அடுத்ததில் இருப்பது ஶ். பல எழுத்துருக்களில் ஒரே மாதிரிதான் தெரியும், எந்த இயல்பாக்கமும் இவற்றை ஒன்று சேர்க்காது.

அப்புறம், விதி மாறினால் என்ன ஆகும்? கண்ணுக்குத் தெரியாத குறிகளை ஒப்பிடும்போது விட்டுவிடும் வழக்கத்தை 2024இல் கர்னலில் மாற்றினார்கள். அப்படிக் குறி ஒட்டிய இதய இமோஜியைப் பெயரில் கொண்ட பழைய கோப்புகள் பட்டியலில் இருந்தன, தேடினால் கிடைக்கவில்லை. கடைசியில் அந்த மாற்றத்தையே திரும்பப் பெற்றார்கள். பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

செந்நெல்:
விண்டோஸிலிருந்து நீளமான தமிழ்ப் பெயர்களை நகலெடுத்தால் பிழை வருகிறதே, அதுவும் இதனால்தானா?

பைட்நேயன்:
இல்லை, அது வேறு. இஎக்ஸ்டி4இல் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. யூனிகோடு குறிகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 85 குறிகள்தான், புள்ளியும் உயிர்க்குறியும் அதில் சேர்த்தி. விண்டோஸ் பக்கம் 255 குறிகள் வரை வைக்கலாம். கேஸ்ஃபோல்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த எல்லை மாறாது.

கோப்பறை:
சரி. பொதுப் பங்கீட்டுக்கு மட்டும் புது ஃபோல்டரில் கேஸ்ஃபோல்டு போடுகிறேன். லினக்ஸ்காரர்களின் சொந்த ஃபோல்டர்கள் இருந்தபடியே இருக்கட்டும்.

வடக்குவாசல்:
காலி ஃபோல்டரில்தான் கேஸ்ஃபோல்டை இயக்கும் அந்தக் கொடியை (அமைப்பை) போட முடியும் என்பதை மறக்காதீர்கள்.

பைட்நேயன்:
பொதுப் பங்கீட்டுக்கும் நான் அதைப் போட மாட்டேன். போடுவதென்று முடிவு செய்துவிட்டால், கோப்புகளை நகர்த்தும் முன்பே மோதும் பெயர்களைப் பட்டியலெடுத்து, உரியவர்களைக் கேட்டு மாற்றுங்கள். நகர்த்திய பிறகு பார்த்தால் அதில் ஒன்று இருக்காது.