ஸ்கேன் பார்த்துச் செய்த மணிக்கட்டு ஆபரேஷன்: வருஷங்கள் கழித்து கை எப்படி இருக்கிறது?

ஓவர்லாக்_அக்கா:
திருப்பூரில் 22 வருஷமாகத் தையல். கார்ப்பல் டனல், அதாவது மணிக்கட்டில் ஒரு பட்டைக்கு அடியில் நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போவது, பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வலது கையில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே அந்தப் பட்டையை அறுக்கும் ஆபரேஷன் செய்து 4 வருஷம் ஆகிறது. அரிசி அளவுக்குத்தான் கீறல், தையல்கூட இல்லை. அன்று ராத்திரியே கையை உதறாமல் தூங்கினேன். 9-வது நாள் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன்.

போன வாரம் பேத்தியின் பாவாடைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். துணியில் சிவப்பாக ஒரு புள்ளி. சாயம் ஒட்டிவிட்டதோ என்று பார்த்தால், ஊசி என் ஆள்காட்டி விரலில் இறங்கியிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. ஆபரேஷனுக்கு முன்னாடியே டாக்டர் சொன்னார், "கட்டைவிரல் மேட்டுத் தசை வற்றிப்போச்சும்மா, வலி போகும், மத்தது எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது." 6 வருஷம் உதறி உதறியே ஓட்டியவள் நான். அந்தச் சிவப்புப் புள்ளி மனசை விட்டுப் போகவில்லை.

பழைய_தழும்பு:
அக்கா, எனக்கு 2011-இல் உள்ளங்கையைத் திறந்து செய்தார்கள். 12 நாள் கழித்துத் தையல் பிரித்தார்கள். அதற்கப்புறம் 3 மாதம் தரையில் கையை ஊன்றி எழுந்திருக்க முடியாது, உள்ளங்கை அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் சுருக்கென்று குத்தும். சப்பாத்தி மாவு பிசைவதெல்லாம் என் வீட்டுக்காரர்தான். இன்றைக்கு? ஒன்றுமில்லை, தழும்பையே தேடத்தான் வேண்டும். ஸ்கேன் முறையை ஏதோ அதிசயம் மாதிரி பேசுகிறார்கள். முறை எதுவானாலும் அறுப்பது அதே பட்டையைத்தான். முதல் சில வாரங்கள் சுலபம், சீக்கிரம் வேலைக்குப் போகலாம், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

நியூஜெர்சி_கீபோர்டு:
மேலே சொன்னதை முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு இரண்டு கையும் ஒரே நாளில் செய்தார்கள். திறந்து செய்வதாக இருந்தால் அதற்குத் துணிந்திருக்க மாட்டேன், பாத்ரூம் போவதற்குக்கூட ஆள் வேண்டுமே! கைக்கு மட்டும்தான் மரத்துப்போகும் ஊசி. திரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். நல்ல நரம்பு ஸ்கேனில் தேனடை மாதிரி தெரியும் என்றார் டாக்டர். என்னுடையது வீங்கிக் கறுத்துக் கிடந்தது. பட்டை அறுபடும்போது வலி இல்லை, மணலில் கத்தி போகிற மாதிரி ஒரு நறநறப்பு மட்டும். இன்றைக்கும் தேங்காய் துருவினால் அதுதான் ஞாபகம் வருகிறது.

2 வருஷம் கழித்து மறுபடி மரத்தது. சரி, ஆபரேஷன் தோற்றுவிட்டது என்றே நினைத்தேன். மறுபடி ஸ்கேன் எடுத்தால் பட்டை முழுசாக அறுபட்டு நரம்பு நன்றாக இருக்கிறது. கோளாறு கழுத்தில், 6-வது நரம்பில்.

குணா_தம்பி:
எனக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி, 5 மாதம் தாங்கியது, அவ்வளவுதான் என் கதை. ஆனால் எல்லோரும் கவனிக்க வேண்டியது: ராத்திரி மணிக்கட்டு மடங்காமல் வெளியே ஸ்ப்ளின்ட் கட்டிக்கொண்டு தூங்குங்கள். சர்க்கரை, தைராய்டு, பி12 மூன்றையும் பாருங்கள். சுண்டுவிரலும் மரத்தால் அது இந்த நரம்பு இல்லை, முழங்கைப் பக்கம் காட்டுங்கள். கட்டைவிரல் மேடு வற்றும்வரை காத்திருக்காதீர்கள். ஸ்கேன் முறை என்றால் இதுவரை எத்தனை கைக்குச் செய்திருக்கிறார் என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். நரம்பு நாளுக்கு 1 மி.மீ. அளவில்தான் வளரும், ஒரு மாதத்தில் புலம்பாதீர்கள். அப்புறம் அக்கா, தினமும் வெந்நீரில்...

ஓவர்லாக்_அக்கா:
தம்பி, சர்க்கரை இல்லை, தைராய்டும் பார்த்தாச்சு. 4 வருஷத்தை ஒரு மாதம் என்றா கணக்குப் போடுகிறீர்கள்? நான் கேட்க நினைத்தது ஒன்றுதான். மேடு வற்றினபிறகு செய்து, விரல் நுனியில் உணர்வு முழுசாகத் திரும்பியவர் இங்கே யாராவது உண்டா? இப்போது இடது கை ராத்திரி எழுப்புகிறது. திங்கட்கிழமை நெர்வ் டெஸ்ட்.