மறு: த்ராட்டிலிங்குக்குச் சொல் – ‘வேகவெட்டு’ என்றே வைப்போம்

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

மாத அளவு தீர்ந்ததும் இணைய நிறுவனம் வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பதைத்தான் ஆங்கிலத்தில் த்ராட்டிலிங் என்கிறார்கள். ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று தொடங்கிய மடல் இழை நீண்டுவிட்டது. நெரிப்பு, வேகத்தணிப்பு, வேக மட்டுப்படுத்தல், மடைக்குறைப்பு என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான் ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: வேகவெட்டு. எந்தத் திரையில் இந்தச் சொல் வரப்போகிறது, யார் அதைப் படிக்கப் போகிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வருகிறேன்.

சதுரகிரி அடிவாரத்தில், சாப்டூர்ப் பக்கம் ஒரு கிராமத்தின் படிப்பகம். கரடு மறைப்பதால் செல்போன் சிக்னல் மொட்டைமாடியில் ஒரு மூலையில்தான் எட்டும். ஃபைபர் எங்கள் தெருவுக்கு வரவில்லை. அதனால் ஊர்க்காரர்கள் சேர்ந்து விசாட் டிஷ் (செயற்கைக்கோள் வழியே இணையம் தரும் சிறு டிஷ்) போட்டிருக்கிறோம். மலைக்குப் பக்கத்தில் டிஷ் எப்படி எடுக்கும் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். மதுரை நிலநடுக்கோட்டுக்கு 10 பாகை வடக்கேதான் இருக்கிறது. இந்தியச் செயற்கைக்கோள்கள் பலவும் நமக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே, கொஞ்சம் தெற்கே சாய்ந்து நிற்கின்றன. ஆகவே மேற்கே மலை இருந்தாலும் மறைக்காது. ஆனால் மாடியை ஒட்டி வளர்ந்த தென்னையின் ஒரு மட்டை குறுக்கே சாய்ந்தால் மறைக்கும்.

மாதத்துக்கு 40 ஜிபி. தாண்டினால் மாதக் கடைசி வரை 256 கேபிபிஎஸ். டிஎன்பிஎஸ்சி படிக்கும் பிள்ளை ஒன்று எச்டியில் வகுப்பு பார்த்தால் மணிக்கு 3 ஜிபி வரை போகும், பதின்மூன்று மணி நேரத்தில் ஊருக்கே மாதம் முடிந்துவிடும். அதே வகுப்பை 480பி-யில் பார்த்தால் முக்கால் ஜிபிக்குள் அடங்கும். ஆகவே படிப்பகத்தில் யாராவது ஒருவர்தான் வீடியோவை இறக்குவார், மற்றவர்கள் பென்டிரைவில் வாங்கிக்கொள்வார்கள். வாட்ஸாப்பில் தானாக இறங்குவது எல்லோருக்கும் நிறுத்தப்பட்டிருக்கும். இதையெல்லாம் யாரும் கட்டளையிட்டுச் செய்ய வைக்கவில்லை, பிள்ளைகளே கற்றுக்கொண்டார்கள்.

கற்றுக்கொள்ள முடியாமல் போனது ஒன்றுதான்: இணையம் மந்தமானால் என்ன காரணம் என்பது. ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் இப்போது இருக்கும் தமிழ், ‘இணைப்பு மெதுவாக உள்ளது’. எது நடந்தாலும் இதே வரிதான். போன ஐப்பசியில் விடாத மழை. திரையில் இந்த வரி வந்தது. படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, மழையில் டிஷ் நகர்ந்துவிட்டது என்று நினைத்து, மழை விட்டதும் ஸ்பானரோடு மாடிக்கு ஏறிவிட்டார். கொஞ்சம் திருப்பினாலே சிக்னல் போய்விடும் பொருள் அது. போயே போய்விட்டது. உண்மையில் டிஷ் நகரவே இல்லை. முந்தின இரவு ஒரு லேப்டாப் விண்டோஸ் அப்டேட்டை இறக்கியதில் மாத அளவு தீர்ந்து, நிறுவனம் வேகத்தைக் குறைத்திருந்தது, அவ்வளவுதான். மதுரையிலிருந்து ஆள் வந்து டிஷ்ஷைச் சரிசெய்யும் வரை, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிய பிள்ளைகள் டி.கல்லுப்பட்டிக்குப் பஸ் ஏறினார்கள்.

அந்தத் தம்பி மேல் எந்தக் குறையும் இல்லை. திரை அவருக்குச் சரியான சொல்லைக் கொடுக்கவில்லை. நாம் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

மந்தத்துக்கு நான்கு காரணங்கள் உண்டு, நான்குக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

முதலாவது தொலைவு. எங்கள் டிஷ் பார்க்கும் புவிநிலைச் செயற்கைக்கோள், அதாவது வானில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிவது, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் கேட்பது ஏறி இறங்கி, பதில் ஏறி இறங்குவதற்குள் சுமார் 1,44,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் போனாலும் அரை வினாடி. ஒரு பக்கம் திறக்கும் முன் இரண்டு கணினிகளும் நாலைந்து முறை பேசிக்கொள்ளும் என்பதால் அந்த அரை வினாடி பெருகிக்கொண்டே போகும். இதற்கு ‘சுணக்கம்’ என்று முன்பே முடிவு செய்துவிட்டோம், மிக நல்ல சொல். தாலுகா ஆபீசில் பட்டா மாறுதல் சுணங்குகிறது என்று சொல்லாத ஊர் நம் பக்கத்தில் இல்லை. சுணக்கத்துக்கு நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை, காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது மழை. கேயூ, கேஏ என்ற உயர் அதிர்வெண் பட்டைகளில் டிஷ்ஷுக்கு வரும் அலையைக் கனத்த மழைத்துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் மெலியச் செய்கின்றன. மழை ஓய்ந்தால் தானே சரியாகும். மூன்றாவது, மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதால் ஏற்படும் நெரிசல். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கோரிப்பாளையத்தில் நின்று போன் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான்காவதுதான் நம் இழையின் பொருள்: வாங்கிய அளவு தீர்ந்ததும் நிறுவனம் வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பது.

இப்போது பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> மூலச்சொல்லுக்குக் குரல்வளையை நெரிப்பது என்று பொருள். ஆகவே நெரிப்பு.

ஐயா, நீங்கள் சொல்லும் வேர் சரி. ஆனால் அந்த வேர் நமக்கு எதற்கு? ஆங்கிலக்காரர் குரல்வளையை நினைத்தால் நாமும் அதையே நினைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதைவிடப் பெரிய இடர் ஒன்று இருக்கிறது. மூன்றாவது காரணத்துக்கு ‘நெரிசல்’ என்று வைத்திருக்கிறோம். ஒரே திரையில் நெரிசலும் நெரிப்பும் வந்தால் வாசிப்பவர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்வார். எதைப் பிரித்துக் காட்ட வந்தோமோ அதுவே கலந்துவிடும்.

> கண்மாயில் மடையைக் குறைத்து வைப்பது போல. மேலூர்ப் பக்கம் எல்லோருக்கும் புரியும். மடைக்குறைப்பு.

அம்மா, இந்தச் சொல்லைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. தண்ணீர் நிற்காமல் குறைவாக ஓடுவதும், அதை ஒருவர் தெரிந்தே செய்வதும் இதில் இருக்கின்றன. தயக்கம் இரண்டு. ‘மடைமாற்றம்’ என்பதை இணையப் போக்குவரத்தை வேறு வழிக்குத் திருப்புவதற்கு ஏற்கெனவே எடுத்துவிட்டோம். அடுத்தது, ‘மடைக்குறைப்பு’ என்று மட்டும் திரையில் கண்டால் எது குறைந்தது என்று தெரியாது. அளவா, வேகமா? பாசனம் தெரிந்தவருக்கும் ஒரு விளக்க வரி தேவைப்படும்.

வேகத்தணிப்பு, மட்டுப்படுத்தல் இரண்டும் அகராதிக்குப் பொருந்தும். ஆனால் தணிப்பது என்றால் நல்லதற்குச் செய்வது. சூட்டைத் தணிக்கிறோம், தாகத்தைத் தணிக்கிறோம். காசு கொடுத்து வாங்கிய இணைப்பின் வேகத்தை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் மொழியில் வேகம் குறைந்தது என்றால் தானாக; வேகத்தைக் குறைத்தார்கள் என்றால் ஒருவர் செய்தது. ஒரு மெய்யெழுத்தின் மாற்றத்தில் தன்வினையும் பிறவினையும் பிரிந்துவிடும். கலைச்சொல்லிலும் அந்தப் பிரிவு தெரிய வேண்டும். மின்சாரத்தில் இதை மக்கள் தாமே செய்து வைத்திருக்கிறார்கள். மரம் விழுந்து கம்பி அறுந்தால் மின்தடை. 2012-இல் சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கும் மேலாகப் போனதே, அது மின்வெட்டு. பேச்சில் கலந்து வந்தாலும், வெட்டு என்றவுடன் வெட்டியவர் ஒருவர் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. வேகவெட்டு அந்த வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். யாருக்கும் பாடம் நடத்த வேண்டாம்.

> வெட்டு என்றால் முழுதாக நின்றுவிட்டது என்று ஆகாதா?

ஆகாது என்றே நினைக்கிறேன். சம்பள வெட்டு என்றால் சம்பளமே இல்லை என்று யாரும் கொள்வதில்லை, ஒரு பங்கு போய்விட்டது என்றுதான் கொள்கிறோம். வேகவெட்டும் அப்படியே. செல்போனில் தினசரி அளவு தீர்ந்ததும் பல திட்டங்களில் 64 கேபிபிஎஸ் மட்டும் விடுகிறார்கள். அதில் ஒரு எம்பி போட்டோ வர இரண்டு நிமிடம் ஆகும். இணைப்பு நிற்கவில்லை, வெட்டிக் கொடுக்கப்படுகிறது. படிப்பகத்துப் பிள்ளைகள் இப்போதே “ஸ்பீடைக் கட் பண்ணிட்டாய்ங்கண்ணே” என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் வாயில் இருக்கும் வினையும் இதுவே.

அளவு தீர்ந்தால் வேகத்தைக் குறைக்கும் விதியை ‘நியாயப் பயன்பாட்டுக் கொள்கை’ என்று நிறுவனங்களின் தமிழிலேயே காட்டிவிடலாம் என்ற யோசனைக்கு என் மறுப்பு கடுமையானது. மாத அளவு தீர்ந்த பிள்ளையின் திரையில் நியாயம் என்ற சொல்லைக் காட்டினால், நீ அநியாயமாகப் பயன்படுத்திவிட்டாய் என்று அது படிக்கும். அந்தப் பிள்ளை தன் பங்கைத்தான் பயன்படுத்தியது. ‘மாத அளவு விதி’ என்று வைத்தால் போதும். ‘ஒதுக்கீடு’ வேண்டாம், நம்மிடம் அந்தச் சொல் இட ஒதுக்கீட்டுக்கு உரியதாகிவிட்டது.

பூமிக்கு அருகே சுற்றும் தாழ்வட்டச் செயற்கைக்கோள்கள் வந்தால் இந்தப் பேச்சே தேவைப்படாது என்று எழுதிய தம்பிக்கு: அவை வருவது உண்மைதான். செயற்கைக்கோள் இணைய நிறுவனமான ஒன்வெப்புக்காக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் 36, 36 ஆக ஏவினார்கள், அவை 1,200 கிலோமீட்டரில் சுற்றுகின்றன. ஸ்டார்லிங்க் சுமார் 500 கிலோமீட்டர் அளவில் சுற்றுகிறது, அதற்கு 2025 ஜூனில் இந்திய உரிமம் கிடைத்தது. உயரம் குறைவதால் சுணக்கம் பெரும்பாலும் போய்விடும். மழை போகாது. வேகவெட்டு இருக்குமா இல்லையா என்பது விண்வெளியில் தீர்மானிக்கப்படுவதில்லை, திட்டத்தின் விதியில் தீர்மானிக்கப்படுவது. பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தது 512 கேபிபிஎஸ் என்றிருந்ததை மத்திய அரசு 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் ஆக்கியது போல, வெட்டிய பிறகு எவ்வளவு விட வேண்டும் என்று ஊரும் கேட்க முடியும். கேட்பதற்குப் பெயர் வேண்டும். “நெட்டு மெதுவா இருக்கு” என்று மனு எழுதினால் மழை என்று பதில் வரும். “வேகவெட்டிலும் வேகம் 2 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது” என்று எழுதினால் அந்தப் பதில் சொல்ல முடியாது.

நிலைப் பக்கத்துக்கு நான் எழுதியிருக்கும் வரிகள்:

சுணக்கம்: செயற்கைக்கோள் தொலைவால் பதில் தாமதமாகிறது.
மழைத்தடை: மழையால் அலை மெலிந்துள்ளது. டிஷ்ஷைத் தொட வேண்டாம்.
நெரிசல்: பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறார்கள். இரவில் முயலவும்.
வேகவெட்டு: மாத அளவு தீர்ந்தது. 1-ஆம் தேதி வரை வேகம் 256 கேபிபிஎஸ்.

‘மழைத்தடை’ மின்தடையைப் பார்த்து வைத்தது. ‘மழைமங்கல்’ என்று யாரோ எழுதியிருந்தீர்கள், அழகான சொல், ஆனால் மங்குவது கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கே என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

வேகவெட்டு, வேக வெட்டு: சேர்த்தா, பிரித்தா? மின்வெட்டைப் போலச் சேர்த்தே எழுதலாம் என்பது என் கருத்து. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் நான்கு வரிகளையும் மொழிபெயர்ப்பில் ஏற்றிவிட்டு, சொல்லைத் தமிழக அரசின் கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கும் அனுப்புகிறேன்.

அன்புடன்,
சதுரகிரி அடிவாரத்திலிருந்து