பழைய ஹாலோஜன் விளக்குகளோடு புதிய எல்.இ.டி. பார் (PAR) விளக்குகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: நாடக மன்றப் பொறுப்பாளர், கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மன்றத்துக்குச் சொந்தமான அரங்கின் மேடை 30 அடி அகலமும் 20 அடி ஆழமும் உடையது. முன்குழாயில் எட்டு, பின்குழாயில் நான்கு என 1000 வாட் பார் 64 (உருளைக் கூட்டில் வரும் மேடை விளக்கு வகை) ஹாலோஜன் விளக்குகள் பன்னிரண்டு தொங்குகின்றன. அவற்றை, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ஆறு சேனல் டிம்மர் பேக்குகள் இரண்டு இயக்கி வந்தன. டிம்மர்களின் பின்புறத்தில், மைக் கேபிளில் இருப்பது போன்ற மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர். இணைப்பும், பத்துச் சிறிய சுவிட்சுகள் கொண்ட ஒரு வரிசையும் உள்ளன. விளக்குகளைக் கட்டுப்படுத்தும் கன்சோல் மட்டும் சென்ற மார்கழியில் முற்றிலும் பழுதாகிவிட்டது.

இப்போது 54 பல்புகள் கொண்ட, ஒவ்வொன்றும் 3 வாட் என்று குறிப்பிடப்படும் எல்.இ.டி. பார் விளக்குகள் எட்டும், 192 சேனல் கன்சோல் ஒன்றும் வாங்க எண்ணியிருக்கிறோம். பின்குழாயின் நான்கு ஹாலோஜன்களையும் முன்குழாயில் நான்கையும் கழற்றிவிட்டு, அந்த டிம்மர் சாக்கெட்டுகளிலேயே எல்.இ.டி.களைச் செருகிவிடலாம் என்றும், மேடையிலிருந்து ஒலிக்கலவை மேசை வரை ஏற்கெனவே ஓடும் மைக் கேபிள்களில் ஒன்றையே கன்சோலுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் கடைக்காரர் சொல்கிறார். இந்த அரங்கில் நாடகமும் பரதநாட்டியமும் பள்ளி ஆண்டு விழாக்களும் நடக்கின்றன. இவை யாவும் ஒன்றோடொன்று பொருந்துமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

மறுமொழி: மேடை ஒளியமைப்பாளர், மதுரை

வணக்கம் ஐயா. விளக்குகளும் கன்சோலும் பொருந்தும். அவற்றை இணைப்பதற்குக் கடைக்காரர் சொன்ன இரண்டு வழிகளுமே பொருந்தா.

முதலில் மின்சாரம். உங்கள் டிம்மர், மின்னலையின் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியை விளக்குக்கு அனுப்புவதன் மூலம் ஒளியைக் குறைக்கிறது. ஹாலோஜனின் இழை அதைப் பொறுத்துக்கொள்ளும். எல்.இ.டி. விளக்குக்குள்ளோ தனியே ஒரு பவர் சப்ளை இருக்கிறது. அதற்கு முழுமையான 230 வோல்ட் எப்போதும் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும், ஒளியைக் கூட்டுவதும் குறைப்பதும் கன்சோலிலிருந்து வரும் சிக்னலின் வேலை. வெட்டுண்ட மின்சாரத்தைக் கொடுத்தால் விளக்கு துடிக்கும், சில நாட்களிலேயே பவர் சப்ளை போய்விடவும் கூடும். ‘ஃபேடரை (கன்சோலில் ஒளியளவை ஏற்றி இறக்கும் நகர்த்தியை) முழுவதும் ஏற்றியே வைத்துவிட்டால் என்ன’ என்று பலரும் கேட்பார்கள். அப்போதும் டிம்மரின் வெளியீடு நேரடி மின்சாரத்துக்கு ஈடாகாது. யாராவது ஒருவர் கை தவறி அந்த ஃபேடரை இறக்கியும் விடுவார். எனவே இரண்டு குழாய்களுக்கும் டிம்மர் வழியாக வராத ஒரு தனி சர்க்யூட்டை, தனி எம்.சி.பி.யோடு இழுத்துக்கொள்ளுங்கள். எட்டு விளக்குகளும் சேர்ந்து பெயரளவில் 1,300 வாட்டுக்குள்தான் வரும் என்பதால் அது பெரிய செலவாக இராது.

அடுத்தது சிக்னல். கன்சோலிலிருந்து விளக்குகளுக்கும் டிம்மர்களுக்கும் கட்டளை அனுப்பும் டி.எம்.எக்ஸ். 512 என்னும் முறை 1986-இல் உருவானது. ஒரே கம்பிவழியில் 512 சேனல்கள் செல்லும். டிம்மரின் பின்னால் நீங்கள் சொல்லும் பத்துச் சுவிட்சுகளும் அதன் முகவரியை, அதாவது அது எந்தச் சேனலிலிருந்து தொடங்குகிறது என்பதை, அமைப்பதற்கு உரியவையாகவே தெரிகின்றன. ஆகவே உங்கள் பழைய டிம்மர்கள் புதிய கன்சோலின் மொழியைப் புரிந்துகொள்ளும். அவை 0 முதல் 10 வோல்ட் வரையிலான பழைய அனலாக் முறையில் இயங்குபவையாக இருந்திருந்தால் நடுவில் மாற்றிக் கருவி ஒன்று தேவைப்பட்டிருக்கும். அந்த வகையில் தப்பித்தீர்கள்.

ஆனால் 192 சேனல் கன்சோலில் ஒரு கண்ணி இருக்கிறது. அது பன்னிரண்டு பொத்தான்களுக்குப் பொத்தானுக்குப் பதினாறு சேனல் என்று பிரிக்கப்பட்டது. உங்கள் எல்.இ.டி. ஏழு சேனல் விளக்கு என்றால் 1, 8, 15 என்று நெருக்கமாக முகவரி கொடுக்கத்தான் மனம் போகும். அப்படிக் கொடுத்தால் முதல் பொத்தானை அழுத்தும்போது இரண்டு விளக்குகளும் மூன்றாவதன் முதல் இரண்டு சேனல்களும் சேர்ந்து அசையும். எனவே 1, 17, 33 என்று பதினாறு பதினாறாகத் தாண்டி, எட்டாவது விளக்குக்கு 113 என வையுங்கள். டிம்மர்கள் ஒன்பதாம், பத்தாம் பொத்தான்களுக்கு வரும். அவற்றின் முகவரி 129, 145. சிறு சுவிட்சுகள் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் மதிப்புடையவை. 129-க்கு முதலாவதையும் எட்டாவதையும், 145-க்கு அவற்றோடு ஐந்தாவதையும் ஏற்ற வேண்டும். பத்தாவது சுவிட்ச் பெரும்பாலும் வேறு வேலைக்கு உரியது, அதைத் தொட வேண்டாம்.

எட்டு விளக்குகளையும் ஒரே மாடலாக, ஒரே நேரத்தில், முடிந்தால் ஒன்றிரண்டு உபரியோடு வாங்குங்கள். மாடலுக்கு மாடல் சேனல் வரிசை மாறும். ஒன்றில் முதல் சேனல் மாஸ்டராக (மொத்த ஒளியளவாக) இருக்கும், இன்னொன்றில் அதுவே சிவப்பாக இருக்கும். இவற்றைக் கலந்து தொங்கவிட்டுவிட்டு நிகழ்ச்சியன்று நான் பட்ட பாடு போதும்.

மறுமொழி: ஒலி, ஒளி வாடகைத் தொழில் செய்பவர், திருச்சி

மேலே நண்பர் மைக் கேபிளைப் பற்றி விரிவாகச் சொல்லவில்லை. டி.எம்.எக்ஸ். என்பது வினாடிக்கு 2,50,000 பிட்டுகள் ஓடும் எண்முறைச் சிக்னல். அதற்கு ஏறத்தாழ 120 ஓம் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) உடைய கேபிள் வேண்டும். சாதாரண மைக் கேபிளின் மதிப்பு அதைவிடக் குறைவாக இருக்கும் என்பதால் சிக்னல் முனைகளில் பட்டுத் திரும்பி வந்து தன்னையே குழப்பிக்கொள்ளும். பத்து மீட்டருக்கு வேலை செய்யும். ஒத்திகையிலும் வேலை செய்யும். டிம்மர்கள் எல்லாம் முழுச் சுமையில் ஓடும் நிகழ்ச்சி நேரத்தில்தான் விளக்குகள் தாமாகக் கண் சிமிட்டத் தொடங்கும். ஒரு கோயில் திருவிழா மேடையில் இரண்டு மணி நேரம் கன்சோலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் கேபிளை மாற்றியதும் எல்லாம் அடங்கியதைக் கண்டவன் நான்.

உங்கள் அரங்கில் இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. மைக் பெட்டியும் விளக்கு இணைப்பும் ஒரே மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர். என்பதால், ஒலிக்காரர் ஒருவர் தெரியாமல் அந்த வழியை மிக்ஸரில் செருகி மைக்குகளுக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபாண்டம் பவரைப் போட்டுவிட்டால், விளக்குகளின் உள்ளே உள்ள சிக்னல் சிப்புகள் கருகிவிடலாம். முறையான விதிப்படி டி.எம்.எக்ஸ்.ஸுக்கு ஐந்து பின் இணைப்பே உரியது. அதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். மலிவு விலை விளக்குகள் மூன்று பின்னோடுதான் வருகின்றன என்பதால், கேபிளையாவது தனி நிறத்தில் இழுத்து இரு முனைகளிலும் சீட்டு ஒட்டிவையுங்கள்.

கேபிள் ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகத்தான் போக வேண்டும்; நடுவில் கவைபோல் பிரிக்கக் கூடாது. சிக்னல் பட்டுத் திரும்பாதிருக்க, கடைசிக் கருவியின் வெளியீட்டில், 2-ஆம் 3-ஆம் பின்களுக்கு இடையே 120 ஓம் ரெசிஸ்டர் வைத்துப் பற்றவைத்த பிளக் ஒன்றைச் செருகிவிடுங்கள். காப்பிக் காசுதான் ஆகும்.

என்னைக் கேட்டால் ஹாலோஜன்களை முழுவதுமாக எடுத்துவிடலாம் என்பேன். பன்னிரண்டும் எரிந்தால் 12 கிலோவாட். ஒரே ஃபேஸில் என்றால் 52 ஆம்பியர். டிம்மர்கள் வெட்டும் மின்சாரம் மூன்று ஃபேஸில் பிரித்தாலும் நியூட்ரலில் கூடிச் சேரும் என்பதால், பழைய வயரிங்கில் நியூட்ரல் மெலிதாக இருந்தால் அது சூடேறும்.

மறுமொழி: பரதநாட்டிய ஆசிரியை, சென்னை

முழுவதுமாக எடுத்துவிடலாம் என்னும் கருத்தை நான் ஏற்கவில்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து எடுக்கும் வெள்ளை, சுவரில் பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும். முகத்தில் விழுந்தால் நம் மாநிறம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். அந்த மூன்று நிறங்களுக்கும் இடைப்பட்ட மஞ்சள், ஆரஞ்சுப் பகுதிகளில் அந்த ஒளி மிகக் குறைவு என்பதே காரணம். எங்கள் ஒப்பனையும் குங்கும நிறமும் கோயில் நகைகளும் அந்தப் பகுதியை நம்பியே இருக்கின்றன. மயில்கழுத்துப் பட்டில் ஊடும் பாவும் வெவ்வேறு நிறம். சிறுமி திரும்பும்போது மாறி மாறி மின்ன வேண்டிய அந்தச் சேலை, நீல ஒளி மட்டும் விழுந்தால் ஒரே அழுக்கு நிறமாக நின்றுவிடுகிறது. அபிநயத்தில் கண்ணும் புருவமும்தான் பேசுகின்றன. எனவே முன்குழாயின் ஹாலோஜன்கள் எட்டையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், எல்.இ.டி.களைப் பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் கொடுங்கள்.

முகத்துக்கும் எல்.இ.டி.தான் வேண்டும் என்றால் வார்ம் ஒயிட் மட்டுமே உள்ள விளக்கை, நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதைச் சொல்லும் நிறக்காட்டும் திறன் எண் (CRI) 90-க்குக் குறையாததாகப் பார்த்து வாங்குங்கள். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில், ஹாலோஜனின் ஒளி மஞ்சள் கலந்த 3,200; பல எல்.இ.டி.களின் வெள்ளை நீலம் கலந்த 6,000-க்கு மேல். இரண்டும் அருகருகே விழுந்தால் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் நீலமாகவும் தெரியும். பெற்றோர் எடுக்கும் வீடியோவில் அது இன்னும் கூடுதலாகத் தெரியும்.

மற்றொன்று, விசிறிச் சத்தம். தம்பூரா மட்டும் ஒலிக்கும் இடத்தில் எட்டு விளக்குகளின் விசிறிகளும் இரைந்தால் அந்த நிமிடமே கெட்டுவிடுகிறது. விசிறி இல்லாத மாடல் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி

மூவருக்கும் மிக்க நன்றி. முன்குழாயை ஆசிரியை அவர்கள் சொன்னபடி அப்படியே விட்டுவிட்டு, பின்குழாயில் மட்டும் ஹாலோஜனை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். மின்பணியாளரிடம் தனி சர்க்யூட்டுக்கும் நியூட்ரலைச் சோதிக்கவும் சொல்லியாயிற்று. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. 25 பாகை, 45 பாகை என்று இரண்டு வகை லென்ஸ் சொல்கிறார்கள்; எதை வாங்குவது? கடையிலேயே வைத்துச் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

மறுமொழி: மேடை ஒளியமைப்பாளர், மதுரை

ஆசிரியை அவர்கள் சொன்னதே சரி. நானும் முன்விளக்கு விஷயத்தில் அவர் பக்கம்தான். விளக்கிலிருந்து ஆள் நிற்கும் இடம் வரை 6 மீட்டர் என்றால், 25 பாகை லென்ஸ் ஏறக்குறைய 2.7 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தையும் 45 பாகை லென்ஸ் 5 மீட்டர் வட்டத்தையும் தரும். உங்கள் பின்குழாய் ஆடுபவர்களின் தலைக்கு மேல் 3 மீட்டர் அளவில்தான் இருக்கும் என்று கருதுகிறேன். அங்கே 25 பாகை 1.3 மீட்டராகச் சுருங்கி, தரையில் தனித்தனிப் பொட்டுகளாக விழும். ஆகவே பின்புறத்துக்கு 45 வாங்குங்கள்.

கடையில் ஒரு விளக்கைக் கன்சோலோடு இணைத்து, மாஸ்டரை மிக மெதுவாகச் சுழியத்திலிருந்து ஏற்றச் சொல்லுங்கள். ஒளி படிப்படியாகக் குதித்து ஏறினால் நாடகத்தின் விடியற்காட்சிக்கு அது உதவாது. பிறகு கால்பங்கு ஒளியில் நிறுத்தி, கைப்பேசியின் ஸ்லோமோஷனில் படம் எடுத்துப் பாருங்கள். திரையில் பட்டைகள் ஓடினால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். விசிறிச் சத்தத்தைக் கேட்க, விளக்கை முழு வெளிச்சத்தில் பத்து நிமிடமாவது எரியவிட வேண்டும்.

கிளாம்ப் வாங்குமுன் குழாயின் வெளிவிட்டத்தை அளந்துகொள்ளுங்கள். சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் 48 முதல் 51 மில்லிமீட்டர் குழாய்க்கு உரியவை. ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய்க்கு அது சரியாகப் பிடிக்கும். இரண்டு அங்குலக் குழாய் என்று சொல்வதன் வெளிவிட்டம் 60 மில்லிமீட்டர், அதில் அந்தக் கிளாம்ப் ஏறாது. ஒவ்வொரு விளக்குக்கும் சேஃப்டி செயின் தனியாக வாங்குங்கள். விளக்கோடு அது பெரும்பாலும் வருவதில்லை.