பிக்குகளின் சீவரத்தை வெட்டித் தைப்பது ஏன்?

மாத்தளை வாசகர் (கேள்வி):
பௌத்த பிக்குகள் அணியும் ஆடையான சீவரத்தை அருகில் நின்று பார்த்தால், அது பல துண்டுகளை இணைத்துத் தைத்ததாக இருப்பது தெரிகிறது. முழுத்துணி கிடைக்கும்போதும் அதை வெட்டித் தைப்பதற்குக் காரணம் என்ன? ஒருவருக்கு மூன்று ஆடைகள் என்ற கணக்கு எப்படி வந்தது? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பாளி மாணவர்:
தொடக்கத்தில் பிக்குகள் குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் கிடைத்த கந்தல்களையே தைத்து உடுத்தினார்கள். மருத்துவர் சீவகர் உயர்ந்த துணியொன்றைப் புத்தருக்கு அளித்த பிறகே இல்லறத்தார் தரும் துணியை ஏற்க அனுமதி கிடைத்தது எனத் துறவிகளின் ஒழுக்க விதிகளைத் தொகுத்த விநய பிடகம் கூறுகிறது. வரப்புகளால் பிரிந்து கிடந்த மகத நாட்டு வயல்களைக் காட்டி, அவ்வடிவில் சீவரம் அமைக்க இயலுமா என்று புத்தர் கேட்க, அவருடைய சீடர் ஆனந்தர் அவ்வாறே செய்து காட்டினார் என்பதும் அந்நூலில்தான் உள்ளது. வெட்டுப்பட்ட துணியைக் கவர எவரும் விரும்பமாட்டார் என்ற காரணமும் அங்கேயே சொல்லப்படுகிறது. என் பார்வையில் அழகைவிட இதுவே முதன்மையானது.

ஏட்டுச்சுவடி:
மூன்று என்ற கணக்கு குளிரால் வந்தது. வைசாலி அருகே கடும்பனி இரவொன்றில் புத்தர் ஒற்றை ஆடையுடன் வெட்டவெளியில் அமர்ந்து, ஒவ்வொரு யாமம் கழிந்து குளிர் உறைத்தபோதும் மேலும் ஒன்றைப் போர்த்திப் பார்த்த பின்னரே அளவை வகுத்தார் என்பது விநய பிடகம் தரும் செய்தி. இடுப்பில் உடுத்துவது அந்தரவாசகம், மேலே போர்த்துவது உத்தராசங்கம், இரட்டை மடிப்பாலான கனத்த ஆடை சங்காடி. கடைசியானது குளிருக்குப் போர்வையாகும். மடித்து விரித்தால் படுக்கையுமாகும். இவற்றுக்கு மேற்பட்ட சீவரத்தைப் பொதுவாகப் பத்து நாளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. கார்கால முடிவில் நடக்கும், ‘கடினம்’ எனப்படும் சீவரம் வழங்கும் சடங்கில் தரப்படும் துணியை அன்றைக்கே வெட்டித் தைத்துச் சாயமேற்றி முடிக்க வேண்டும் என்பதும் விதி.

மாத்தளை வாசகர்:
இருவருக்கும் நன்றி. வெளியே செல்லும்போது சிலர் ஒரு தோளையும் சிலர் இரு தோள்களையும் மூடுகிறார்களே, அது ஏன்?

பாளி மாணவர்:
அது பிரிவு சார்ந்த வழக்கம். 1753இல் தாய்லாந்துத் துறவிகளின் துணையோடு இலங்கையில் தொடங்கிய சியாம் நிகாயத்தார் (நிகாயம் என்பது துறவிகளின் பிரிவு) வலத்தோளைத் திறந்து விடுவது மரபு; பர்மாவிலிருந்து வந்த அமரபுர நிகாயத்தார் இரு தோள்களையும் மூடுகிறார்கள். பர்மாவிலேயே இது பதினெட்டாம் நூற்றாண்டில் நெடிய சச்சரவாக இருந்து, போதவ்பயா மன்னர் இரு தோள்களையும் மூடுவோர் பக்கம் தீர்ப்பளித்த பிறகே அடங்கியது.